நாற்பத்தொரு சமன்கள்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் சதுரங்கச் சங்கத் தலைவர் அவர்களே! வெற்றியையும் தோல்வியையும் ஒரே முகத்தோடு குறித்துவைக்கும் நடுவர் பெருமக்களே! பிள்ளைகளின் ஆட்டம் முடியும்வரை வாசல் நாற்காலிகளைத் தேய்த்துத் தேய்த்தே பளபளப்பாக்கிய தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்து, "சுருக்கமா முடி" என்று கண்ணாலேயே கட்டளையிடும் முன்னாள் சாம்பியனே, என் அம்மாவே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

நாளை பிற்பகல் இரண்டு மணிக்கு, இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அம்மா மீண்டும் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் அமர்கிறார். அதற்குமுன் ஓர் உண்மையை இந்த மேடையில் போட்டு உடைத்தாக வேண்டும்.

நானும் என் கூட்டாளி தாடிக்காரரும் சதுரங்கம் ஆடும் கணினி நிரல் எழுதுகிறோம். அதற்குக் கணக்குப் போடத் தெரியும், காத்திருக்கத் தெரியாது. ஆகவே அம்மாவை ஆலோசகராக அமர்த்தி, அவர் ஆடிய ஆட்டங்கள் அத்தனையையும் அதற்குப் புகட்டினோம். கற்றது! கட்டம் கட்டமாய்க் கற்றது! குதிரையைக் கொடுத்து ராணியைப் பிடிக்கக் கற்றது! கூடவே ஒரு குணத்தையும் கற்றது. வெல்லும் நிலையில், முப்பதாவது நகர்த்தல் வாக்கில், "சமன் செய்துகொள்வோமா?" என்று எதிராளியிடம் கேட்டது.

ஜெயிக்கிறவர் சமன் கேட்பாரா? கேட்கமாட்டார் என்கிறார் பின்வரிசைப் பெரியவர். நன்றி ஐயா, நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிழை என்றோம். மூன்று வாரம் தேடினோம். தாடிக்காரர் எண்ணூறு வரிகளை எடுத்தார், தாடியையும் எடுத்தார். அது அப்போதும் பணிவாகச் சமன் கேட்டது.

கடைசியில் அம்மா வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழையெல்லாம் ஒண்ணுமில்ல. அது நான்தான்."

"ஜெயிக்கிற ஆட்டத்த ஏம்மா விட்டீங்க?"

"ரெண்டு மணிக்கு உக்காந்தா, முப்பது நகர்த்துறதுக்குள்ள மூணே முக்கால் ஆயிடும். நாலு மணிக்கு உன் பள்ளிக்கூடம் விட்டுடுவாங்கல்ல?"

அவையோரே! என்னை ஒருநாளும் யாரும் காக்கவைத்ததில்லை என்று பெருமை பேசித் திரிந்தவள் நான். அன்று எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தொரு சமன்கள். விட்ட இடத்திலிருந்து நிரலை ஆடவிட்டோம். முப்பத்துமூன்றில் அம்மாவுக்கு வெற்றி! அரைப் புள்ளியில் நழுவிய இரண்டாவது பட்டமும் அதில் அடக்கம். அன்று எதிரே அமர்ந்து பட்டம் வென்றவர் நம் தலைவர். ஐயா, தண்ணீர் அருந்துங்கள்.

அந்த ஆட்டங்களை நிரலிலிருந்து நீக்கிவிடலாம் என்றார் தாடிக்காரர். "எதுக்கு நீக்கணும்? ஆடி முடிச்சிடுவோம்" என்றார் அம்மா. ஆறு மாதம் நிரலோடு அமர்ந்து நாற்பத்தொன்றையும் ஆடி முடித்தார். நிரல் சமன் கேட்பதை விட்டது. அம்மா விட்டாரா? போன வாரம் அரையிறுதியில், மூன்றே முக்காலுக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். வாய் திறந்தார். நல்லவேளை, அதற்குள் எதிராளியே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆகவே அம்மா, ஊரறியச் சொல்கிறேன். எனக்கு முப்பத்தொரு வயது. நாளை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. நான்கு ஆகட்டும், ஐந்து ஆகட்டும், விளக்கு எரியட்டும், வீதி அடங்கட்டும்! மண்டப வாசலிலேயே நிற்பேன். யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன். முடிச்சிட்டு மெதுவா வாங்கம்மா.

தாய்மார்களே, வாசலில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.