அறை, முழு வெளிச்சம்

இல்ல மேடம், அதுல உக்காராதீங்க, அதுக்குக் கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. தூசிதான், துடைச்சுத் தரேன் இருங்க. நீங்க அந்த இரும்பு ஏணில ஏறி இந்த லைட் பூத் வரைக்கும் வந்ததே பெரிய விஷயம். போன தடவை விசாரிச்சாங்களே கமிட்டிக்காரங்க நாலு பேரு, ஒருத்தர்கூட மேல வரல. கீழ ஆபீஸ் ரூம்ல உக்காந்துக்கிட்டு என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நீங்க ரிடையர்டு ஜட்ஜுன்னு சொன்னாங்க, அதான் பழக்கம் போல, நேர்ல பாக்கணும்னு.

நாத்தமா? அடிக்கத்தான் செய்யும். கலைவிழா ஆரம்பிச்சு மூணு நாளாச்சு இல்ல. நேத்து ஒரு நடனம் போட்டாங்க. மேடையில ரெண்டு வண்டி சேத்தைக் கொட்டி அதுல புரண்டாங்க. மண்ணோட பேசுறாங்களாம். பேசி முடிச்சு, கைதட்டு வாங்கிக்கிட்டு, குளிக்கப் போயிட்டாங்க. அள்ளினது பெருக்குற அம்மாங்க ரெண்டு பேரு. அவங்ககிட்ட மண்ணு ஒண்ணும் பேசல, முதுகு வலிதான் வந்துச்சு.

அதுக்கு முந்தின நாள் ஒருத்தன் கவிதை வாசிக்கிறேன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் வெறுமனே மூச்சு விட்டான். வார்த்தையே கிடையாது. நடுவருங்க மூணு பேரும் ஆஹான்னு தலையாட்டுறாங்க. அதுல ஒருத்தர் தூங்கி விழுந்துதான் தலையாட்டினாரு, மேலேருந்து பாக்கிற எனக்குத் தெரியாதா. அவனுக்குத்தான் முதல் பரிசு. புகை மெஷினை வேற எல்லாரும் கேக்குறானுங்க. புகையை விட்டா நாடகம் ஆழமாயிடும்னு எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். இந்த லட்சணத்துல அந்தப் புகை முழுக்க மேல ஏறி என் மூக்குலதான் வந்து நிக்குது.

சரி சரி, விஷயத்துக்கு வரேன். நான் நாடகமே பிடிக்காத ஆளுன்னு நினைச்சுடாதீங்க. பத்தொன்பது வருஷமா இந்த லைட் போர்டுல கை வெச்சிருக்கேன். முன்னெல்லாம் ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட வேண்டியதே இல்ல, நானா வந்து உக்காந்துடுவேன். இப்ப திரையைத் தூக்கினாலே குமட்டுது.

ஆமா, அந்தப் பொண்ணு புகாருக்காகத்தான் வந்திருக்கீங்கன்னு தெரியும். மறுவிசாரணைன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. மறுநாளே அதுமேல கலைவிழா போஸ்டரை ஒட்டிட்டாங்க. இன்னைக்கு ஆறு மணிக்கு என்ன நிகழ்ச்சின்னு பாத்தீங்களா? தாடிக்குப் பாராட்டு விழா. தாடின்னா நாடகத் துறைத் தலைவரு, பசங்க வெச்ச பேரு. அந்தப் பொண்ணு நடிச்ச நாடகத்தை இயக்கினதுக்கு அவருக்குக் கேடயம் குடுக்கிறாங்க. அவரு நடந்து வரும்போது தலைக்கு மேல வட்டமா ஒரு வெளிச்சம் போடணுமாம், மேடை நடுவு வரைக்கும் கூடவே வரணுமாம். காலைல ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரு.

கதையா? பொண்டாட்டியைப் போட்டு அடிக்கிற ஒருத்தன் கதை. பெண்ணுக்கு நடக்கிற கொடுமையைக் காட்டுற நாடகம்னு அழைப்பிதழ்ல பெருசா அச்சடிச்சிருந்தாங்க. அந்தப் பொண்ணுதான் பொண்டாட்டி வேஷம். ரெண்டாம் வருஷம் படிக்குது. புருஷனா வந்தவன் சீனியர் மாணவன். ரூம் மாதிரி மூணு பக்கம் பலகைச் சுவரு, ஒரு கட்டில், ஒரு மேசை. மேடை இருட்டா இருக்கும். அவன் கையை ஓங்குவான். கன்னத்துல விழுற அந்த நொடில மொத்த வெளிச்சமும் வரணும். அதுதான் என் வேலை. பதினாலாவது க்யூ, அதாவது லைட் மாத்த வேண்டிய பதினாலாவது இடம்.

மேடையில அடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு மேடம். இவன் கையை வீசுவான், அது முகத்தைத் திருப்பும், ஓரத்துல ஒருத்தன் பளார்னு கையைத் தட்டுவான். அவ்வளவுதான். முன் வரிசைல இருக்கிறவன்கூட கன்னத்தைத் தடவிப் பாத்துப்பான். பத்தொன்பது வருஷமா அப்படித்தான் நடந்துச்சு. ஜனங்க ஏமாறணும்னுதானே வந்து உக்கார்றாங்க. தாடி ஒத்துக்கல. பொய்யா அடிச்சா பொய்யான கலைன்னாரு. எனக்கு உண்மை வேணும்னாரு. உண்மை வேணும்னா அவரு கன்னத்தைக் காட்டியிருக்கலாம், யாரும் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டோம்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒத்திகையை ஆரம்பிச்சாங்க. முதல்ல அந்தப் பையன் லேசாத்தான் தட்டினான். போதாதுன்னாரு. இன்னும் ஒண்ணு, போதாது. அப்புறம் இவரே மேடைல ஏறி, இப்படிடான்னு சொல்லி அந்தப் பொண்ணு கன்னத்துல ஒண்ணு விட்டாரு. பாடம் எடுக்கிறாராம். சுத்தி முப்பது பேரு நோட்டுப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறானுங்க. ஒருத்தன் அதைக் குறிச்சுக்கிட்டான் மேடம், என் கண்ணால பாத்தேன்.

அதுக்கப்புறம் பையனும் ஓங்கி அறைய ஆரம்பிச்சான். நடுவுல ஒரு தடவை ஓரமாப் போய் வாந்தி எடுத்துட்டு வந்தான். பாவம்னு அப்ப நினைச்சேன். இப்ப நினைக்கல. சிறந்த நடிகர் பரிசை வாங்கிக்கிட்டு, ஒண்ணுமே நடக்கலன்னு அவனும் எழுதிக் குடுத்துட்டான்.

இல்ல, அப்படியும் நிக்கல. அடி சரியா விழுந்தா வெளிச்சம் லேட்டு. லைட் லேட்டு, மறுபடியும்னு கத்தினாரு தாடி. மறுபடியும் ஒரு அறை. எனக்கு விரல் போகவே மாட்டேங்குது மேடம். இந்தா, இந்தக் கட்டையை மேல தள்ளணும், அவ்வளவுதான் வேலை. அவன் கை ஓங்கினதும் என் கை தானா நின்னுடுது. நின்னு, அப்புறம் தள்ளுது. கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனா அவருக்கு அது போதும். லேட்டு, மறுபடியும். லேட்டு, மறுபடியும். நான் தயங்குறதாலதான் அதுக்கு இன்னொண்ணு விழுதுன்னு எனக்கு உறைக்கிறதுக்குள்ள ஏழு அடி ஆயிடுச்சு.

ஏன் விரல் நின்னுச்சா? நிக்கும் மேடம். சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு சரியாப் போட்டேன். கை கன்னத்துல படுறதும் வெளிச்சம் வர்றதும் ஒண்ணா இருந்துச்சு. ஒரு இம்மி பிசகல. தாடி அங்கேருந்து மேல பாத்து சபாஷ்னாரு. பத்தொன்பது வருஷத்துல அந்த ஆளு என்னைப் பாராட்டினது அது ஒரே தடவைதான். நானும் தலையை ஆட்டி வெச்சேன். இப்ப அதை நினைச்சா என் மேலேயே எனக்கு அருவருப்பா இருக்கு. முகம் கழுவும்போது கண்ணாடியைப் பாக்க மாட்டேங்கிறேன்.

அதோட விட்டானா? வெளிச்சம் சரியாயிடுச்சு, இப்ப அழுகை சரியில்லையாம். கண்ணீர் முன்னாடியே வருதாம், அடி விழுந்த அப்புறம்தான் வரணுமாம். மொத்தம் இருபத்துமூணு அடி. நாலரை மணிக்கு அந்தப் பொண்ணு இடது காதைப் பொத்திக்கிட்டு, சார், அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கட்டுமான்னு கேட்டுச்சு. எல்லாரும் கைதட்டினானுங்க. என்ன ஒரு அர்ப்பணிப்புன்னாரு தாடி. கைதட்டுற சத்தம் அதுக்குப் பாதிதான் கேட்டிருக்கும், காது சவ்வு அப்பவே கிழிஞ்சு போச்சு.

எவ்வளவு தூரமா? நீங்களே எட்டிப் பாருங்க. இங்கேருந்து கத்தினா மேடைக்குக் கேக்கும். நான் கத்தல.

இப்ப இந்த நோட்டைப் பாருங்க. இது என் க்யூ நோட்டு. எத்தனாவது க்யூ, மேடையில என்ன நடக்குது, எந்த வெளிச்சம், எல்லாம் எழுதி வெச்சிருப்பேன். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போடுவேன். எத்தனை தடவை எரிஞ்சா பல்பு போகுதுன்னு தெரியணும், அதுக்காக வெச்ச பழக்கம். பதினாலைப் படிங்க. சத்தமாவே படிங்க. அறை, முழு வெளிச்சம். பக்கத்துல கோடு எண்ணிப் பாருங்க. இருபத்துமூணு. மேல அந்தச் சனிக்கிழமை தேதி.

போன கமிட்டி முன்னாடியும் இதே நோட்டுதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணுதான் புகார்லயே எழுதியிருந்துச்சு, லைட் போடுறவர் நோட்டைப் பாருங்க, அதுல எல்லாம் இருக்கும்னு. வேற யாரு சொல்லுவாங்க அதுக்காக? முப்பது பேரும் வாயைப் பொத்திக்கிட்டானுங்க. டாக்டர் சீட்டைக் காட்டினா, சளி பிடிச்சாக்கூட சவ்வு கிழியும்னுட்டாங்க. அந்தப் பொண்ணு கையில மிச்சம் இருந்தது இந்த ஒரு வார்த்தைதான்.

உள்ள போறதுக்கு முன்னாடி தாடி என்னை வராண்டால நிறுத்தினாரு. மிரட்டல்லாம் இல்ல. தோள்ல கையைப் போட்டு, உன் வேலை நீட்டிப்பு ஃபைலு என் மேசைலதான் இருக்கு, கவலைப்படாதேன்னாரு. வருஷா வருஷம் அவரு கையெழுத்து போட்டாத்தான் எனக்கு இங்க வேலை. உள்ள போனேன். கமிட்டித் தலைவரு இந்தப் பக்கத்தைத் திருப்பி என்கிட்ட காட்டி, அறைன்னு போட்டிருக்கே, அது என்னதுன்னு கேட்டாரு. வாய் முந்திக்கிச்சு மேடம். ரூம்தான் சார்னு சொல்லிட்டேன். மேடையில ரூம் செட்டு இருக்கில்ல, அதுக்கு முழு வெளிச்சம், அதைத்தான் எழுதியிருக்கேன்னேன்.

நாலு பேரும் தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்கதான். ஒருத்தரு தமிழ்த் துறைக்காரரே. நீங்க சொல்லுங்க, நம்ம யாராவது வாயால ரூமை அறைன்னு சொல்றோமா? இந்த நோட்டு முழுக்கப் புரட்டுங்க. பச்சை ரூம், மேக்கப் ரூம், ரூம் இருட்டு, ரூம்ல மஞ்சள் லைட்டு, எல்லாம் ரூம்தான். ஒரே ஒரு இடத்துலதான் அறை. அது அவங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரியும்னும் தெரியும். அப்படியான்னு சொல்லிட்டு எழுதிக்கிட்டாங்க. ஒருத்தரு எனக்கு டீ வேற சொன்னாரு. அதை நான் குடிச்சேன் மேடம், அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுது.

அறிக்கைல அது மூணாம் பக்கம். அறை என்பது மேடையிலுள்ள வீட்டு அறையைக் குறிக்கும் என்று ஒளி அமைப்பாளர் விளக்கமளித்தார், ஆகவே புகாருக்கு ஆதாரமில்லை. ஒரு நகல் அந்தப் பொண்ணுக்கும் தபால்ல போச்சு. பொய்ப் புகார் குடுத்ததுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள மன்னிப்புக் கடிதம் எழுதித் தரணுமாம், இல்லன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்களாம். இன்னைக்கு புதன். அது எழுத மாட்டேன்னு உக்காந்திருக்கு. நான் செத்தாலும் எழுத மாட்டேன்னு சொல்லிடுச்சு.

அதனால நீங்க எழுதிக்கோங்க. அறைன்னா அறைதான். கன்னத்துல விழுந்த அறை. இருபத்துமூணு தடவை. முதல்ல சொன்னது பொய், இப்ப சொல்றது நிஜம். எங்க கையெழுத்து போடணும்னு காட்டுங்க. தேதியும் போடுறேன். நோட்டையும் நீங்களே வெச்சுக்கோங்க, இங்க விட்டுட்டுப் போனா சாயங்காலத்துக்குள்ள காணாமப் போயிடும். வேலையா? போகும். இன்னைக்கு ஆறு மணிக்கு அந்த ஆளு தலைக்கு மேல வட்டம் போடுறதுக்கு வேற எவனையாவது தேடிக்கட்டும்.

அந்தப் பொண்ணைப் பாக்கணுமா? தாராளமாப் பாக்கலாம். விலாசம் எழுத வேணாம், வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன். பக்கம்தான், பத்து நிமிஷம் நடந்தா வந்துடும். ஏணில பாத்து இறங்குங்க, மூணாவது படி வழுக்கும். எனக்கு எப்படி வீடு தெரியும்னா, நானும் அங்கதானே போகணும். இந்தக் கட்டடத்துல யாருக்கும் தெரியாது. காலேஜ்ல சேர்ந்த அன்னைக்கே அவ கேட்டுக்கிட்டா, லைட்மேன் சிபாரிசுல வந்தவன்னு பேரு வரக் கூடாது, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. நானும் சொல்லல. அந்தச் சனிக்கிழமைகூட சொல்லல. தபாலைப் பிரிச்சு மூணாம் பக்கத்தை எனக்கு எதிர்லயே நின்னுதான் படிச்சா. மடிச்சு வெச்சுட்டு சாப்பிட வந்து உக்காந்தா.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அவகிட்ட பேசும்போது வலது பக்கமா உக்காருங்க. அவங்கம்மா அந்தப் பக்கம்தான் உக்காருவா. இடது பக்கம் உக்காந்து என்ன பேசினாலும் கேக்காது. தபால் வந்த அன்னைலேருந்து என் பொண்ணு என்னை அங்கதான் உக்கார வெச்சிருக்கா.