எல்லோரும் பூட்டும் சீட்டுக்கட்டு

மேடையேறியதும், ஒலிபெருக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தவரைத் தலைவர் என்றெண்ணி இருகரம் கூப்பிவிட்டேன். பாவம், அவரும் ஒயரும் கையுமாகப் பதில் வணக்கம் வைத்தார். ஆகவே, உண்மையான தலைவர் அவர்களே! (சிரியுங்கள், சிரியுங்கள்!) பொறுமையே உருவான பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்றதோடு நில்லாமல் அவர்கள் பேச்சையும் புரிந்துவைத்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

என் மகள் பிளாக்செயினில் ஒரு சீட்டாட்டம் செய்திருக்கிறாள். நம் சங்கப் போட்டியை அதில் நடத்தலாமா என்று இன்று கையுயர்த்தப் போகிறீர்கள். பிளாக்செயின் என்றால் என்ன? எட்டாம் வகுப்போடு ஏட்டுக்கு விடைகொடுத்த பூட்டு ரிப்பேர்காரனையா கேட்கிறீர்கள்? எழுதியதை எவரும் அழிக்க முடியாத, எல்லோரும் பார்க்கும் பொதுப்பலகையாம்.

"ஏம்மா, எல்லாரும் பாத்தா அப்புறம் எதுக்குச் சீட்டு? விரிச்சு வச்சே ஆடலாமே!"

"அதாம்ப்பா சிக்கலே! ஆடுறவங்க ஒவ்வொருத்தரும் கட்டைக் கலைச்சு, ஆளுக்கொரு பூட்டுப் போடுவாங்க. உங்க சீட்டுக்கு மத்தவங்க சாவி குடுத்துடுவாங்க. கடைசிப் பூட்டு உங்களோடது. நீங்க மட்டும் பாக்கலாம்."

"செஞ்ச உனக்கு?"

"எனக்கும் தெரியாது."

போன வாரம் இதே கூடத்தில் ஆடிப் பார்த்தோம். அவள் தன் புள்ளிகள் அத்தனையையும் பந்தயத்தில் வைத்தாள். மிரண்டுபோய் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிக்கொண்டோம்; நானும்தான். பந்தயம் அவளுக்கே! அவள் கையிலோ வெறும் குப்பை! சிரித்துக்கொண்டே காட்டினாள். உடனே பின்வரிசையில் ஒரு குரல்: "செஞ்சவங்களே ஜெயிச்சா எப்படி? உள்ள கள்ளச்சாவி இருக்கும்!" அவள் முகம் வாடிவிட்டது.

முப்பது வருடமாக நானும் கேட்கும் கேள்விதான் அது. பூட்டு மாட்டிக் கொடுத்தால், "இன்னொரு சாவி வச்சிருக்கீங்களாண்ணே?" என்பார்கள். இல்லை என்று சத்தியம் செய்யலாம். சத்தியத்தால் பூட்டு உறுதியாகுமா?

என்ன அண்ணே, பின்வரிசையில்? அப்பன் அப்படித்தான் பேசுவான் என்கிறீர்களா? நூற்றுக்கு நூறு உண்மை! என்னை நம்பாதீர்கள். அவளையும் நம்பாதீர்கள். ஆட்டத்துக்காக அவள் எழுதிய நிரலெல்லாம் எவரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. விஷயம் தெரிந்தவர்களை அழைத்துவந்து பூட்டைச் சோதியுங்கள்! அப்பன் சாட்சி சொன்னால்தான் நம்பலாம் என்றால் அது என்ன பூட்டு? ஆளை நம்பவைப்பது அன்பு; ஆளை நம்பத் தேவையில்லாமல் செய்வது அவள் உழைப்பு! அந்த உழைப்புக்குத்தான் உங்கள் கை உயர வேண்டும்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. உயரப்போகும் கைகளுக்கு முன்கூட்டியே வணக்கம்!

இவ்வளவும் பேசினேன். ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்கினேன்: அன்று நான் கவிழ்த்தது, யாராலும் வெல்ல முடியாத சீட்டு.