முற்றத்தில் விலகிப் பறந்த வௌவால்கள்

ஜூன் மாதம். இரவு பத்தரை மணி. நம் வடக்குச் சீமையில் கோடையில் அந்த நேரத்துக்குத்தானே இருட்டு மெல்லத் தலைகாட்டும்... கால்வாயை ஒட்டி நூல் பிடித்த மாதிரி ஓடும் ஒற்றைச் சாலை. ஒரு வீட்டில் நாய் குரைத்தால் அடுத்த வீட்டில் கேட்காது. அந்தச் சாலையின் கடைசி வீடு வுப்போவுடையது. நம் ரொட்டிக்கடை ஹென்னியின் சித்தப்பா. பால் லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஹென்னி சொன்னதைத்தான் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை... சரி, கொஞ்சம் கூட்டியிருப்பேன். இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள்.

வுப்போவின் மகள் ரூலி வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "நம்ம மாட்டுக் கொட்டிலை வீடா மாத்தித் தரேன், இங்க வந்துடு" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, கொட்டில் உத்திரத்துக்குப் பின்னால் கூட்டம் கூட்டமாக வௌவால். அதுகளைக் கலைப்பது இங்கே சட்டப்படி குற்றம்.

நகராட்சியிலிருந்து வந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். "முதல்ல அதுங்களுக்கு ஒரு பெட்டி மாட்டுங்க. அதுங்க அங்க குடி போனதை நான் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் உங்க பொண்ணுக்கு வீடு. இலையுதிர் காலத்துக்குள்ள நடக்கலைன்னா அடுத்த வருஷம்தான்."

வுப்போ பெட்டியைத் தானே செய்தார். கொஞ்சம் கோணல். பரவாயில்லை, வௌவால் தலைகீழாகத்தானே பார்க்கும். எங்கே மாட்டுவது என்பதுதான் பிரச்சினை. காலை வெயில் படவேண்டும், பூனை எட்டக் கூடாது, விளக்கு வெளிச்சம் கூடாது, முன்னால் மறைப்பே இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஹில்பிராண்ட் காப்பி குடிக்க வந்து, "அடுப்படிப் பக்கம் மட்டும் மாட்டாதப்பா. ஃபென்னா வேகவைக்கிற முட்டைக்கோஸ் நாத்தத்துக்கு அதுங்க ஊரைவிட்டே ஓடிடும்" என்றான். ஃபென்னா வுப்போவின் மனைவி. அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது காப்பி கிடைக்கவில்லை.

முதலில் வீட்டின் முகப்புச் சுவர். ஒரு வௌவால்கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் பேரிக்காய் மரம். இல்லை. அப்புறம் முற்றத்து ஓரமாகக் கம்பம் நட்டு, அதன்மேல். அதுவும் இல்லை. கழற்றுவார், மாட்டுவார், திட்டுவார். திரும்பவும் சுவருக்கே கொண்டுபோய்ப் புது ஓட்டை போடுவார்.

"யோவ், இது செவுரா, சல்லடையா?" என்றாள் ஃபென்னா.

"பெட்டிக்குள்ள நானே போய்த் தொங்கறேன். அந்தம்மா வந்து பாத்து எழுதிக்கட்டும்!"

வேடிக்கை பார்க்க வந்த ஹில்பிராண்டின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. "அங்க பாரு... அதுங்க ஏன் அந்த எடத்துல பிரியுதுங்க?"

கொட்டில் இடுக்கிலிருந்து வௌவால்கள் சரசரவென்று ஒரே கோடாக வரும். முற்றத்தின் நடுவே, வெறும் சரளைக்கல்லுக்கு மேலே, இரண்டாகப் பிரியும். பாலத்துத் தூணைச் சுற்றித் தண்ணீர் போகுமே, அப்படி. அங்கே தூண் இல்லை. எதுவுமே இல்லை. பிரிந்தவை பெட்டிப் பக்கம் திரும்பாமல் கால்வாய்க்குப் போய்விடும்.

மறுநாள் பெட்டியை எதிர்ப்பக்கம் மாற்றினார்கள். அன்று மாலை... பிரியும் இடமும் மாறியிருந்தது. நேராகப் பெட்டிக்கு முன்னால்.

தட்டில் பிஸ்கட்டை மிச்சம் வைத்துவிட்டு ஹில்பிராண்ட் எழுந்து போனது அதுதான் முதல் தடவை.

நகராட்சி அம்மாள் வந்து நின்று பார்த்தாள். "முன்னால என்னவோ வெச்சிருக்கீங்க. எடுத்துடுங்க."

"எதைங்க எடுக்கிறது?"

அவள் சரளைக்கல்லைப் பார்த்தாள். மேலே பார்த்தாள். "ஆகஸ்ட் கடைசியில வரேன்" என்று சொல்லி, காரை வேகமாகவே எடுத்தாள்.

ரூலி தினமும் போன் செய்தாள். "என்னப்பா, நான் தொட்டிலை எங்க போடறது?"

ஆகஸ்ட் நடுவில் ஒரு நாள், வெளிச்சம் சாயும் நேரம், மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. விடுவிடுவென்று நடந்து அந்த இடத்திலேயே போய் நின்றார். நனைந்த கம்பளிக் கோட்டின் நாற்றம். மழை பெய்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. காதோரம்... சொட்... சொட்... குனிந்து பார்த்தார். கல் காய்ந்துதான் கிடந்தது.

பயப்பட வேண்டியவர், பாவம், கோபப்பட்டார்.

"இது என் முற்றம்! என் பொண்ணு எங்க போவா? பெட்டி முன்னால நிக்காத! எங்கயாவது நின்னுதான் ஆகணும்னா... என் பின்னால வந்து நின்னுக்கோ!"

சொட்டுவது நின்றது.

வுப்போ திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தார். வாசலிலிருந்து ஃபென்னா கத்தினாள். "யோவ்! போகுதுங்க! எல்லாம் நேரா பெட்டிக்குள்ள போகுதுங்க!"

போயின. ஆனால் வழியில் வுப்போவைச் சுற்றிக்கொண்டு போயின. ஓர் ஆளுக்கு வேண்டியதைவிட அகலமாக.

அனுமதி வந்தது. குளிர்காலம் முழுக்கச் சுத்தியல் சத்தம். வசந்தத்தில் ரூலி கைக்குழந்தையோடு குடிவந்தாள். பெண் குழந்தை. ஊரே போய், பிள்ளை பிறந்தால் கொடுக்கிற சோம்பு மிட்டாய் தூவிய ரொட்டி தின்றுவிட்டு வந்தது. வுப்போ மட்டும் அதை வாசற்படிக்கு வெளியே நின்று தின்றார். இருமல் என்றார். கை சில்லென்று இருக்கிறது என்றார். தன் காசில், தன் கையால் கட்டிய வீட்டுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. பேத்தியைத் தொடவில்லை. சாலை முழுக்க ஒரே பேச்சு: பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைக்கவில்லையென்று கிழவருக்குக் கோபமாம். வுப்பினா என்று வைத்திருக்கலாமாம். நானும் அதைத்தான் நாலு பேரிடம் சொன்னேன்.

ஒவ்வொரு மாலையும் முற்றத்துக்கு வந்து நிற்பார். பெட்டியிலிருந்து வௌவால்கள் வரும். அவரைச் சுற்றி... அகலமாக. தலை குனிந்தபடி தன் பழைய வீட்டுக்குள் போய்விடுவார்.

மே மாதத்தில் ஒரு மாலை. அவர் வந்து நின்றதும் ரூலி குழந்தையோடு விறுவிறுவென்று வெளியே வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"போதும்ப்பா உங்க நாடகம். பிடிங்க. கடிக்க மாட்டா, இன்னும் பல்லு மொளைக்கல."

"வேணாம்மா... சொன்னாக் கேளு, ரூலி..."

கேட்கவில்லை. நெஞ்சோடு வைத்துத் திணித்துவிட்டாள். கீழேயா போட முடியும்? ஒரு நிமிஷம் வைத்திருந்தார். அவ்வளவுதான். "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று சிரித்து வாங்கிக்கொண்டு, அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அழுகை கதவுக்குப் பின்னாலும் கேட்டது.

வௌவால்கள் வந்தன. சரசரவென்று... நேராக. விலகவே இல்லை. ஒன்று அவர் தொப்பியை உரசிக்கொண்டு போனது.

அடுப்படி ஜன்னலில் ஃபென்னா கைதட்டினாள். "யோவ், பாத்தியா? உன்னை விட்டுப் போயிடுச்சு!"

வுப்போ அவள் பக்கம் திரும்பவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே, குழந்தை அழுகையைப் பாதியில் நிறுத்தியது.