பலூன்காரன் இல்லாத படம்

— நடுவெலும்பு ரெண்டா முறிஞ்சு போற மாதிரி இருக்கு மங்கலம். இந்த பிளாஸ்டிக் சேர்ல மனுசன் இருப்பானா? சாலைச் சந்தையில அரிசி மூடை சுமந்த காலத்துல கூட இப்பிடி வலிச்சதில்ல, கேட்டியா.

— அப்போ எழும்பி நில்லுங்க ராஜமணி அண்ணே. நின்னா என்ன, இருந்தா என்ன, நம்மள யாரு பாக்கா? காலையிலயே இந்தப் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்து உக்காந்தாச்சு. மத்தியானம் உச்சையும் ஆச்சு. மைக்கு ஒருக்காவது நம்ம பக்கம் திரும்பிச்சா?

— கூப்பிடுவாவ பிள்ளே. காயல்கரைப் பார்க்கைப் புதுப்பிக்கப் போறோம், பொதுசனம் அபிப்பிராயம் சொல்லலாம்னுதானே ஆட்டோவுல மைக்கு கெட்டிச் சொன்னான்.

— பொதுசனமா? முன் வரிசையப் பாத்தீங்களா? எல்லாம் ஃப்ளாட்டுக்காரங்க. ஒருத்தருக்கு நாய் ஓட இடம் வேணுமாம். இன்னொருத்தருக்கு யோகா செய்ய மேடை வேணுமாம். அத்தனையும் எழுதி எடுத்தாச்சு. நெல்லிக்காயும் மாங்காயும் உப்பிலிட்டு, மதிலோரம் வெயில்ல நின்னு வித்து, ரெண்டு பெண்மக்களை நான் கெட்டிக் குடுத்தது இந்தக் கரையிலயாக்கும். அத எவன் எழுதுவான்?

— அந்தச் சுவத்துல ஒட்டியிருக்க பெரிய படத்தைப் பாத்தியா? பார்க்கு புதுசானா எப்பிடி இருக்கும்னு வரைஞ்சிருக்கான்.

— பாத்தேன். காயல் நீலமா இருந்துச்சு. அப்பவே மனசிலாச்சு, பொய்யின்னு.

— கேலி பேசிக் களியாக்காத. நல்லாப் பாரு. ஒரு பிள்ள பலூனைப் பிடிச்சிட்டு நிக்கி. பலூன் விக்கவனைக் காணல்ல. ஒரு பெண்ணு ஐஸ்கிரீம் தின்னுக்கிட்டு நடக்கா. ஐஸ்கிரீம் வண்டியக் காணல்ல. ஒருத்தன் கையிலயும் கடலைப் பொட்டலம் இல்ல. வாதாமரம் மட்டும் நிக்கி, சுத்தி சிமென்டுத் திட்டும் கெட்டி.

— மரத்தையாவது விட்டாவளே. அது ஓடாதுல்லா.

— அண்ணா, அக்கா, நீங்கோ ரெண்டு பேரும் சாயா குடிக்கலையா? பரிப்புவடை தீர்ந்துடும். நான் விஷ்ணுப்ரியா, இந்தப் பிளான் பண்ற டீம்ல இருக்கேன். இத்தனை மலையாளத்துக்கு நடுவுல தமிழ் காதுல விழுந்தது, அதான் வந்தேன். எங்காத்துக்கு கோட்டைக்குள்ள அக்ரஹாரம்.

— நல்லதாப் போச்சு சாரே. ஆபீசுல உள்ள பெண்ணும் எங்களுக்கு சாருதான். வடை வேண்டாம். அந்தப் படத்துல எங்க இடம் எதுன்னு ஒரு விரல் வச்சுக் காட்டினாப் போதும்.

— உங்க இடம்னா?

— பன்னெண்டு வண்டி நிக்கில்லா அங்க? இவரு கடலை, நான் உப்பிலிட்டது, சுக்குக்காப்பி, சோளம், பலூன்...

— பன்னெண்டா? ஆக்சுவலி நாங்க சர்வே எடுத்தோமே அக்கா. மூணு தடவை வந்தோம். பார்க்குக்கு யார் யார் வரான்னு தலை தலையா எண்ணினோம். வயசானவா, குழந்தைகள், தூண்டில் போடறவா கூட உண்டு. வியாபாரம்னு ஒரு கட்டம் இருந்தது. அதுல கிட்டத்தட்ட ஒண்ணுமே விழலை. எனக்கே அதிசயமா இருந்தது. கீழே கடலைத்தோல் கிடக்கு, தரை கூட சூடா இருக்கு. ஆளைக் காணோம்.

— நீங்க எதுல வந்தீங்க சாரே?

— ஆபீஸ்ல ஒரு ஜீப் தந்தா. வெள்ளை ஜீப்.

— கேட்டீங்களா அண்ணே? வெள்ளை ஜீப்பு.

— ம்.

— என்ன ம்? வாயைத் திறந்து சொல்லுங்க. அந்த விசில் வந்த வாய்தானே அது?

— என்ன விசில் அக்கா?

— வெள்ளை ஜீப்பு வளைவுல தலைகாட்டினா இந்த அண்ணன் ரெண்டு விரலை வாயில வச்சு ஒரு விசில் அடிப்பாரு சாரே. சாலைச் சந்தையில லாரியப் பின்னால எடுக்கச்சில அடிச்சுப் படிச்ச விசில். அது கேட்டா எல்லா வண்டியும் பம்ப் ஹவுசுக்குப் பின்னால போயிரும். இல்லாட்டி கார்ப்பரேஷன்காரனுவ வண்டியோட தூக்கி ஜீப்புல போட்டுட்டுப் போவானுவ. அடுப்பு போகும், தராசு போகும், திரும்ப எடுக்க ஒரு மாசம் நடக்கணும்.

— ஐயோ! நாங்க எண்ணத்தானே வந்தோம்?

— எண்ண வாறவன் யாரு, எடுக்க வாறவன் யாருன்னு ஜீப்பு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு?

— மூணு தடவையும் நான்தான் அடிச்சேன் மோளே. ஒரு வண்டியக்கூட விட்டுக் குடுக்கல்லன்னு எல்லாரும் எனக்குச் சாயா வாங்கித் தந்தாவ. நானும் பெருமையாக் குடிச்சேன். அந்தச் சாயா இப்போ தொண்டையில நிக்கி. இப்ப எண்ணுங்க. வாங்க, இங்கேர்ந்து எட்டிப் பிடிக்க தூரம்தான். எல்லாரையும் வரிசையா நிறுத்துதேன். இனி விசிலே கிடையாது.

— ரிப்போர்ட் மேல போயாச்சு அண்ணா. இன்னிக்கு நடக்கறது அதுக்கு மேல உள்ள அபிப்பிராயம் மட்டும். புதுப் பெட்டிக்கடையெல்லாம் சர்வேல ஃபோட்டோவோட பதிஞ்சவாளுக்குத்தான். நான் பேசிப் பார்க்கறேன். ஆனா உங்களை ஏமாத்தப்படாது பாருங்கோ. மாறாது.

— இப்போ ஒங்க கண்ணு முன்னாலதானே நிக்கோம்? ஒங்க கண்ணு போதாதா?

— என் கண்ணு போறாது அக்கா.

— கால்ல விழட்டா சாரே? இந்தா விழுந்தாச்சு.

— அக்கா, வேண்டாம், எழுந்திருங்கோ! எல்லாரும் பார்க்கறா.

— பாக்கட்டும். இப்பவாவது பாக்கட்டும்.

— எழும்பு மங்கலம். எழும்புட்டீ. ஒன்னத் தூக்கி விட எனக்கு நடு இல்ல. அடுத்த வாரம் பார்க்கைச் சுத்தி தகரவேலி கெட்டுவான். அத்தனை வீட்டு அடுப்பையும் நான்தான் ஊதி அணைச்சேன். சாலைச் சந்தையில எவன் தலையிலயும் ஒரு மூடை விழ விட்டதில்ல என் விசில்.

— ஒரு நிமிஷம் அண்ணா. உங்க முகத்தை எங்கேயோ... இருங்கோ, ஃபோன்ல ரிப்போர்ட் இருக்கு. ஆ, இதோ. மூணாவது தடவை வந்தப்போ ஒரே ஒருத்தர் உண்டு. எங்க ஷிஜி எடுத்த ஃபோட்டோ. மரத்தடியில கடலை வண்டி. இது நீங்கோதானே?

— நான்தான். அன்னைக்கு விசில் அடிச்சுட்டு எழும்பினேன், நடு பிடிச்சுக்கிடுச்சு. இருந்த இடம் விட்டு அனங்க முடியல்ல. ஒரு பெண்ணு படம் எடுத்துச்சு, பேரு கேட்டுச்சு. வலியில பொய்ப் பேரு ஒண்ணும் வாயில வரல்ல. இப்ப ஃபைன் வரும், பின்ன வரும்னு பயந்துக்கிட்டுல்லா இருந்தேன்.

— அன்னைக்கு இவரு வண்டியத் தள்ளுறதுக்கு நான் பாதி தூரம் திரும்பி ஓடி வந்தேன் சாரே. "போ, போ, நீயாவது தப்பிச்சுக்கோ"ன்னு விரட்டினாரு. நானும் தப்பிச்சேன். நல்லாத் தப்பிச்சேன்.

— அப்போ ராஜமணி அண்ணாவுக்கு ஒரு கடை நிச்சயமா உண்டு, உறப்பா. பெரிய படத்துல காட்டலை, டிராயிங்ல இருக்கு. அதே மரத்தடியில, திட்டுக்குப் பக்கத்துல.

— அதை மங்கலத்துக்குக் குடுங்க மோளே.

— ஃபோட்டோவுல உள்ள முகத்துக்குத்தான் தருவா அண்ணா. வேண்டாம்னா அது ஏலத்துக்குப் போயிடும். கொஞ்ச நேரத்துல மேடையில பேர் கூப்பிடுவா. நீங்கோ போய் சம்மதம்னு மைக்ல சொல்லணும். என்ன சொல்றேள்?

— மங்கலம், நான் என்ன சொல்லட்டும்? சரின்னா மத்தவங்க முகத்துல எப்பிடி முழிப்பேன்? வேண்டாம்னா நாளைக்கு என்னத்தத் தின்னுவேன்? இந்த நடுவை வச்சிட்டு எவன் எனக்கு வேலை தருவான்?

— சரின்னு சொல்லுங்க. பட்டினி கிடந்து நியாயம் பேச ரெண்டு பேரு வேண்டாம். நான் ஒருத்தி போதும்.

— கோவத்துல சொல்லுதியா?

— கோவப்பட எனக்கு சீவன் இல்ல அண்ணே.

— ராஜமணி அண்ணா, பேர் கூப்பிடறா. வாங்கோ, மெதுவா, என் கையைப் பிடிச்சுக்கோங்கோ.

— நில்லுங்க அண்ணே. போறதுக்கு முன்ன ஒண்ணு. சாரே, நீங்களும் கேட்டுக்கிடுங்க. நடு ஒடிஞ்சு சாலைச் சந்தையிலேர்ந்து இவரு வந்தப்போ, வெயில் கொள்ளாம இருக்கட்டும்னு நான் எழும்பி மாறிக் குடுத்த இடமாக்கும் அந்த மரத்து மூட்டு நிழலு. நோவு சரியானதும் திருப்பித் தாறேன்னீங்க அண்ணே. நான் அன்னையிலேர்ந்து வெயில்லதான் நிக்கேன், அந்த இடம் இன்னும் நீங்க எனக்குத் தரல்ல.