காலணி நனைக்கும் வாளி

தவளையை ஆராய்ச்சி செய்கிறவனுக்குத் தவளை பிடித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்குப் பிடிக்காது. பல்கலைக்கழக உயிரியல் துறையில் இருபது வருடமாக ஒரே தவளையோடு மாரடிக்கிறேன். இன்றைக்கும் அதைத் தொட்ட கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

கட்டைவிரல் நுனியளவு மஞ்சள் தவளை அது. வெளியே அழிந்துவிட்டது, எங்கள் கண்ணாடித் தொட்டிகளில் மட்டும்தான் மிச்சம் என்று கட்டுரை எழுதியவன் நான். அந்த ஒரு வரியில்தான் என் ஆய்வுக்கூடம், பேர், மரியாதை எல்லாம் நிற்கிறது.

அப்படியிருக்க, போன மழைக்காலத்தில் என் ஆராய்ச்சி மாணவி மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் அறைக்குள் வந்து நின்றாள்.

"சார், மேட்டுக் குட்டையில இருக்கு சார். நானே எண்ணினேன், நாப்பத்தொண்ணு."

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார். முதல்ல உங்ககிட்டதான்."

அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்கவே குமட்டியது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டைக்குப் போகிறவர்கள் வாசலில் இருக்கும் கிருமிநாசினி வாளியில் காலணியை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தவளைத் தோலைத் தின்னும் பூஞ்சை ஈரக் காலணியில்தான் ஊர் சுற்றும். எங்கள் ஏழாம் தொட்டியில் அந்த நோய் இருந்தது, தனியாக மூடி வைத்திருந்தோம். மறுநாள் காலை வாளியைக் கொட்டிவிட்டு, ஏழாம் தொட்டித் தண்ணீரை மொண்டு நிரப்பினேன். பத்து நிமிட வேலை.

அவள் வந்து குனிந்து முகர்ந்தாள்.

"வாசனையே இல்லையே சார்?"

"புது மருந்தும்மா. நல்லா முக்கு."

இரண்டு நிமிடம் போதும் என்பது விதி. அவள் ஐந்து நிமிடம் முக்கினாள். குட்டை கால்மணி நேர நடைதான், காலணி காய நேரமில்லை.

சில வாரங்களில் கரையோரம் முழுக்க வயிறு வெளுத்துக் கிடந்தன. தொட்டால் தோல் நனைந்த காகிதம் போல உரிந்து வந்தது. அவள் வெறுங்கையால் பொறுக்கி, அழுதுகொண்டே எண்ணினாள். நாற்பத்தொன்று வரும்வரை விடவில்லை. மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவளுக்கு. வளர்ந்த பெண் இப்படியா என்று அருவருப்பாக இருந்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றேன்.

"நான்தான் சார் கொன்னுட்டேன்" என்றாள். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களோடு வாதாடுவது அழகல்ல.

உங்கள் விசாரணைக் குழு அவளுடைய கவனக்குறைவே காரணம் என்று எழுதி, அவளைத் துறையிலிருந்து நீக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். ஓர் அறிக்கையில் பிழை இருந்தால் என்னால் சகித்துக்கொள்ள முடியாது. அவளைப் போலக் கவனமான பெண்ணை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் தவளைகள் பிழைத்திருக்கும்.

கொன்றது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தவளை எங்கள் தொட்டிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்றுதான் எழுதியிருந்தேன். வேண்டுமானால் மேட்டுக் குட்டைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.