மீட்டரும் மூன்று சென்சாரும்

இரவு ஒன்றரை மணி. விளக்கில்லாத பைபாஸ் சாலை... அதன் கடைசியில் மூடிக் கிடக்கும் ஒரு பம்ப் ஹவுஸ். நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துத் தொலையுங்கள். இது நம் வெல்டரின் மச்சானுக்கு நடந்தது.

மெஷின்களின் அதிர்வை அளப்பது அவர் தொழில். பட்டப்பெயர் மீட்டர். மனுஷன் என்றாலே அவருக்கு இளக்காரம். அங்கிருந்த பழைய பம்ப், விடிவதற்குள் துண்டாகி லாரி ஏற வேண்டும். ஆனால் அது ராத்திரியில் துடிக்கிறது என்று, வெட்ட வந்தவர்கள் வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். துடிக்கவில்லை என்று மீட்டர் எழுதிக் கொடுத்தால்தான் வெட்டுவார்களாம்.

"கரன்ட் வயரே இல்லாத மெஷின் துடிக்குதா? கூமுட்டைங்களா!"

பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டு வாட்ச்மேனிடம் விட்டெறிந்தார். அவர்களை இன்னும் கொஞ்சம் அசிங்கப்படுத்தத்தான் சென்சார்களை வெளியே எடுத்தார்.

வாட்ச்மேனோடு உள்ளே நுழைந்தார். புளித்த கிரீஸ் நாற்றம்... எங்கோ தண்ணீர் சொட்டியது.

முதல் சென்சார், பம்புக்குள் சுழலும் தண்டான ஷாஃப்டைத் தொடாது. மயிரிழை தள்ளி நின்று, அது எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கும். பூஜ்யம். இரண்டாவது, எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்று பார்க்கும். அதுவும் பூஜ்யம். மூன்றாவதுக்கு அடியில் காந்தம். சுருக்கென்று வரும் சின்ன இடியைக்கூடப் பிடித்துவிடும். பேரிங் மேல் டக்கென்று ஒட்டி, ஹெட்போனை மாட்டினார்.

லப்... டப். லப்... டப்.

"என் கை நாடிய்யா இது. இதுக்கா நடுங்குனீங்க?" கையை எடுத்தார். சத்தம் நிற்கவில்லை.

வாட்ச்மேன் மெல்ல வெளியே நழுவினார். மீட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பம்பைப் பார்த்துக் கத்தினார்: "என் நாடி எப்படி இருக்கும்னு பாக்குறியா?" சென்சாரைப் பிடுங்கித் தன் நெஞ்சில் அழுத்தினார்.

ஒன்றுமில்லை. கழுத்தில் வைத்தார். மணிக்கட்டில் வைத்தார்... ஒன்றுமே இல்லை. பயந்துவிட்டார், நன்றாகவே பயந்துவிட்டார். மறுபடி பேரிங்கில் ஒட்டினார்.

லப்டப்லப்டப்லப்டப்... இப்போது வேகமாக.

காகிதத்தைத் திரும்ப வாங்க வாசலுக்கு ஓடினார். அங்கே வெட்டுகிறவர்கள் நின்றிருந்தார்கள், கையெழுத்து அவர்கள் பையில். கேஸ் கட்டரின் வாடை... உஸ்ஸ்ஸென்று நீலச் சுடர்.

மீட்டர் போய் பம்பைக் கட்டிக்கொண்டார். அத்தனை திமிரும் எங்கே போனதோ. ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"அண்ணே... எந்தப் பக்கத்துலேர்ந்து வெட்டுவீங்க?"