முன்வரிசைப் பெட்டிகள்

அம்மாவுக்கு இன்சுலின் வாங்க நான் காந்திபுரம் வரை போகிறவன். சோமனூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி இருக்கும். கூட்டத்துக்குள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. அங்கே நான் வாங்கும் மருந்துக் கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்த கையோடு மூடிவிடுவார், அது எனக்குப் பிடிக்கும். விசாரணையில் நீங்கள் முதலில் கேட்டது இந்தக் கடையைப் பற்றித்தான், மேடம். எழுதித் தரச் சொன்னீர்கள். முதலிலிருந்து எழுதினால்தான் விளங்கும் என்பதால் அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

என் பெயர் மனோஜ்குமார், வயது முப்பத்தொன்பது. குளிர்பதன லாரிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது என் வேலை. மருந்து ஏற்றும் லாரிக்குள் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. டிரைவர் பக்கத்தில் ஒரு மீட்டர் நான்கு என்று காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்புகிறவன் ஏமாளி. ஒரே லாரிப் பெட்டிக்குள் கதவோரம் ஒரு குளிர், நடுவில் ஒரு குளிர், காற்று வரும் வாயருகே வேறொரு குளிர். அதனால் தீப்பெட்டி அளவுள்ள பதிவுக் கருவிகள் பதினைந்தை, பதினைந்து இடங்களில் டேப் போட்டு ஒட்டுவோம். ஒவ்வொன்றையும் போட்டோ எடுப்போம். லாரியை வெயிலில் நிறுத்தி நாள் முழுக்க ஓடவிட்டு, பிறகு கருவிகளைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்போம். பதினான்கு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் சான்றிதழ் கிடையாது. பதினோரு வருடமாக என் மேல் ஒரு புகார் வந்ததில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

கௌதமனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவன் அம்மா காளியாத்தாள் எங்கள் தோட்டத்தில் களை வெட்டியவர், பருத்தி எடுத்தவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பின்பக்கக் கதவருகே தனி டம்ளரில் டீ ஊற்றுவார்கள். அது சரியென்று நான் சொல்லவில்லை, அன்றைய வழக்கத்தைச் சொல்கிறேன். பிறகு நானும் கௌதமனும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்தோம். ஒரே ஏசி சர்வீஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தோம். சின்ன வயதில் என்னைச் 'சின்னவருங்க' என்று கூப்பிட்டவன் பாலிடெக்னிக்கில் 'மனோஜுங்க' என்றான். இந்தத் தை மாதம் சொந்தமாக லாரி வாங்கியதிலிருந்து வெறும் 'மனோஜ்'. நண்பர்களுக்குள் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த மாதம் மாறியது என்பது எனக்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

பதினான்கு அடி நீளத்தில் வெள்ளைப் பெட்டி வைத்த லாரி அது. பக்கவாட்டில் நீல எழுத்தில் 'காளியாத்தாள் கூல் டிரான்ஸ்போர்ட்' என்று எழுதியிருந்தான். எங்கள் தோட்டத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத ஒருவரின் பெயர், தூரத்து பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. தோட்டம் எங்கள் அப்பா பாலுசாமி காலத்திலேயே கைமாறிவிட்டது. அங்கே இப்போது விசைத்தறிக் கொட்டகை நிற்கிறது. எங்கள் பெயர் எதன் மேலும் எழுதப்படவில்லை.

பூஜை போட்ட அன்று லாரியை நேராக எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தான். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தான். சாவியை அம்மா கையில் கொடுத்து, "உங்க கையால எடுத்துக் குடுங்கம்மா, அது போதுமுங்க எனக்கு" என்றான். அம்மா அழுதுவிட்டார். அவனையும் காளியாத்தாளையும் முன்னறை நாற்காலியில் உட்கார வைத்து, நாங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடுத்தார். அவர்கள் போனபிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பாரு கண்ணு, அவனாட்டம் நீயும் சொந்தமா ஒண்ணு செஞ்சிருந்தா எப்புடி இருக்கும். ஊரான் லாரிக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுத்துக்கிட்டே இருக்கறே."

அம்மா புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் மறுக்கப் போவதில்லை. அந்த லாரி கண்ணில் பட்ட நாளில் எனக்குச் சோறு இறங்காது. அது வாரத்தில் நான்கு நாளாவது கண்ணில் பட்டது.

முதல் மூன்று மாதம் பாலும் காளானும் ஏற்றினான். ஏப்ரலில் மதுக்கரைப் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கு அவனுக்கு இன்சுலின் ஏற்றும் வேலையைத் தர ஒத்துக்கொண்டது. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அதற்கு என்னிடமே வந்தான்.

"வேற ஆளுகளும் இருக்கறாங்க. ஆனா நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றான். போகிறவன் திரும்பி வந்து, "இன்னொண்ணு மனோஜ், ப்ளோயர் கிட்ட எச்சாக் குளுருதோன்னு ஒரு சந்தேகம் இருக்குது. அதைச் சித்த நல்லாப் பாத்துப்போடு" என்றான்.

அவன் சந்தேகம் சரி. முதல் நாள் சோதனையில் வெளியே நாற்பது டிகிரி வெயில். பன்னிரண்டு மணியிலிருந்து கம்ப்ரஸர் ஓயாமல் ஓடியது. வெளியே வெயில் ஏற ஏற, ப்ளோயரின் காற்று வாய்க்கு நேர் கீழே ஒட்டியிருந்த ஏழாம் எண் கருவி இறங்கிக்கொண்டே போனது. ஒன்று, பூஜ்யம், மைனஸ் இரண்டு. மற்ற பதினான்கும் நான்கிலும் ஐந்திலும் சமர்த்தாக நின்றன. டிரைவர் பக்க மீட்டர் நான்கைக் காட்டியது. அதாவது, உள்ளே டிரைவர் அறையை ஒட்டிய முன்வரிசையில் மேலே இருக்கும் ஆறு மருந்துப் பெட்டிகள் மட்டும் ஒவ்வொரு மதியமும் உறைந்துபோகும்.

இன்சுலின் வெயிலையாவது கொஞ்ச நேரம் தாங்கும், உறைந்தால் தாங்காது. ஆனால் உறைந்து மறுபடி இளகியபின் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம். புட்டி அதே புட்டி, லேபிள் அதே லேபிள். உள்ளே இருப்பது பாதி வேலை செய்யும், அல்லது அதுவும் செய்யாது.

சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. காற்று வாயின் முன்னால் சாய்வாக ஒரு தகடு அடித்தால் போதும், பட்டறையில் அரை நாள் வேலை. சொல்லியிருந்தால் கௌதமன் அன்று மாலையே செய்திருப்பான். செய்துவிட்டு, மனோஜ்தான் கண்டுபிடித்தான் என்று ஊரெல்லாம் சொல்லியும் இருப்பான். அவன் அப்படிப்பட்டவன், அதுதான் என்னால் தாங்க முடியாதது.

நிதானமாக யோசித்தேன். தேறவில்லை என்று எழுதினால் அவனுக்கு ஒரு நாள் தாமதம், அதன்பிறகு அவன் லாரி முன்னைவிட நல்ல லாரி. தேறியது என்று எழுதினால், என்றைக்காவது சரக்கு கெட்டுக் கிடங்குக்காரர்கள் அவனை விரட்டுவார்கள். ஏன் கெட்டது என்று தெரியாமல் எல்லோரும் விழிப்பார்கள். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். நான் சோதித்த அன்று சரியாக இருந்தது, பராமரிப்பில்தான் கோளாறு என்பேன். உள்ளே ஏறி ஐந்தே நிமிடத்தில் காற்று வாயைக் கை காட்டுவேன். அம்மாவும் கேள்விப்படுவார். என் எண்ணம் இவ்வளவுதான். இதில் யாருடைய உயிரும் சம்பந்தப்படவில்லை.

மறுநாள் ஏழாம் எண்ணை அங்கிருந்து எடுத்து, ஒரு முழம் கீழே, அட்டைப் பெட்டியின் மறைவில் ஒட்டினேன். மூன்று புள்ளி நான்கு வந்தது. போட்டோவில் மேலே பழைய டேப்பின் கிழிந்த ஓரம் தெரிவதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நல்ல கண் உங்களுக்கு. முதல் நாள் பதிவை ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். அளந்ததை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை, மேடம். தொழிலில் ஒரு நேர்மை வேண்டும்.

சான்றிதழை வாங்கும்போது கௌதமன், "ப்ளோயர் கிட்ட?" என்று மறுபடி கேட்டான். "எல்லாம் சரியா இருக்குது, பயப்படாதே" என்றேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் இறக்க வேண்டிய சரக்கை லாரியில் முதலில் ஏற்றுவார்கள். அது உள்ளே தள்ளிப்போய் முன்வரிசையில், காற்று வாய்க்கு அடியில் உட்காரும். கௌதமனின் லாரி மதுக்கரையில் கிளம்பி, சிங்காநல்லூர், சூலூர், கருமத்தம்பட்டி என்று இறக்கிக்கொண்டே வந்து, கடைசியாக வருவது எங்கள் சோமனூருக்கு. ஒவ்வொரு நடையிலும் முன்வரிசை எங்கள் ஊர்ப் பெட்டிகள்தான். இந்த வழித்தடம் அவன் கொடுத்த விண்ணப்பத்திலேயே இருந்தது. எதையும் படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். மே போனது, ஜூனும் போகப் பார்த்தது. புகாரே வரவில்லை. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காதவர்கள், வாயைக் கட்டவில்லை என்று டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். லாரியை நினைக்க யாருக்குத் தோன்றும்? கௌதமன் இரண்டாவது லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டான். அவன் மனைவி கயல்விழி மைசூர்பாகு கொண்டுவந்தாள். தான் தின்னக் கூடாது என்பதால் அம்மா ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தார். நான் அதை விழுங்க வெகுநேரம் ஆனது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, பஸ் ஸ்டாப்பில் மயில்சாமியைப் பார்த்தேன். பக்கத்துத் தெருக்காரர், தறி ஓட்டுகிறவர். மகள் தேஜஸ்ரீயும் கூட நின்றாள். ஏழாம் வகுப்பு. ஆறு வயதிலிருந்து அவளுக்கு இன்சுலின்தான்.

"ஏனுங்க மனோஜுங்க, பெட்டியத் தூக்கிக்கிட்டு எங்கீங்க?"

"காந்திபுரமுங்க. அம்மாவுக்கு மருந்து வாங்கோணும்."

"அது நம்மூர்லயே கெடைக்குதுங்களே. பாப்பாளுக்கு நானு இங்கதானுங்க வாங்கறேன். என்னன்னே தெரியலீங்க, ஒரு மாசமாச் சர்க்கரை எறங்கவே மாட்டேங்குது. புள்ளை ஒளிச்சு வெச்சு முட்டாய் திங்குதுன்னு டாக்டரு சொல்றாரு. நானும் நேத்து ரண்டு அடி வெச்சுப்போட்டனுங்க."

அந்தப் பிள்ளை தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தாள். சீருடை தோளில் தொளதொளவென்று தொங்கியது. பாட்டிலை இறக்கிவிட்டு, அப்பாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள்: "நான் திங்கவே இல்லீங்ணா."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அந்த ஸ்டாப்பில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

"அந்தப் பக்கம் எனக்கு வேலை இருக்குதுங்க, அதான் அப்படியே வாங்கிக்கறது" என்று மயில்சாமியிடம் சொன்னேன். பஸ் வந்தது. அன்று அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது.

ஒன்பதாம் நாள் தேஜஸ்ரீ ஆஸ்பத்திரியில் இறந்தாள். மயில்சாமி அவளை அடித்ததையே சொல்லிச் சொல்லி அழுதார் என்று அம்மா போய்விட்டு வந்து சொன்னார். அதே வாரம் எங்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு டாக்டருக்குப் புட்டியின் மேல் சந்தேகம் வந்தது.

முதலில் நீங்கள் பிடித்தது கௌதமனை. ஜாமீனில் வந்தவன் முதல் காரியமாக, லாரியிலிருந்த தன் அம்மா பெயரின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறு சோறு வாங்கிச் சாப்பிட்டேன். உண்மையை எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டது ஏப்ரல் இருபத்தொன்று, காலை பதினொரு மணி. காந்திபுரம் கடையின் முதல் பில் அதே நாள், மாலை ஐந்து மணி. அந்தக் கடைக்குச் சரக்கு வேறு லாரியில் வருகிறது, அதை விசாரித்துக்கொண்டுதான் போனேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் எங்கள் தெருமுனைக் கடையில்தான் வாங்கினோம், மயில்சாமி வாங்குகிற அதே கடை. ஆமாம் மேடம், தெரிந்துதான் செய்தேன். முன்வரிசைப் பெட்டி எந்தக் கடைக்குப் போகும் என்பதும் தெரியும். அந்தப் புட்டியை யார் வீட்டில் பிரிப்பார்கள் என்பதும் அன்று அந்த பஸ் ஸ்டாப்பில் தெரிந்துவிட்டது.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் ஐஸ் பெட்டியில் இன்னும் நான்கு புட்டிக்கு இடம் இருந்தது. மயில்சாமி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வாங்கிவந்து கொடுத்திருப்பேன். அவர் கேட்கவில்லை.